கிழிய மறுத்த பை

ஆல்ட்ரேஷன் அக்காவிடம் ஊருக்கே ஒரு மரியாதை உண்டு. மரியாதை என்று சொன்னாலும் அதில் முக்கால்வாசி பயம். யாருடைய இடுப்பு எந்த வருஷம் எத்தனை விரற்கடை பெருத்தது, இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் யார் யார் உண்மையாகவே இளைத்தவர்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வங்கி மேலாளர் ஒரே கால்சட்டையை மறுபடியும் தளர்த்தக் கொண்டுவந்து, "துணி சுருங்கிடுச்சும்மா" என்றபோது, அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "ஆமா சார், இந்த மாதிரித் துணியெல்லாம் இடுப்புல மட்டும்தான் சுருங்கும்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். சமூகம் ஒழுங்காக நடப்பதே இப்படிப்பட்டவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதால்தான்.

கடை, மாடிப்படிக்குக் கீழே. ஒரு பக்கம் ஜெராக்ஸ், மறுபக்கம் சாவி செய்கிறவர். கூரை படியோடு சேர்ந்து சரிந்து இறங்குவதால், உயரமானவர்கள் உள்ளே வரும்போது தாமாகவே பணிவைக் கற்றுக்கொள்வார்கள். தாழ்ந்த மூலையில் மெஷின். அதன் பின்னால் அக்கா உட்கார்ந்தால் தலைக்கும் படிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேலே போகிறவர்களின் காலடி எல்லாம் அவள் உச்சந்தலையில்தான் விழும்.

புதுத்துணி தைப்பதில்லை என்பது அவள் கொள்கை. "புதுசு தைக்க ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. கிழிஞ்சதை யார் பாக்கறது?" என்பாள். அக்குளில் விடுகிற தையல், பாக்கெட் ஓரத்தில் பிரிகிற நூல், உட்கார்ந்து எழுந்தால் மானத்தை வாங்குகிற இடம் என்று உலகத்தில் எது எங்கே கிழியும் என்பதைப் படித்துப் பட்டம் வாங்காத குறைதான்.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. கல்யாணம் ஆகவில்லை. அளவெடுத்துவிட்டுப் போன மாப்பிள்ளைகள் உண்டு. துணியை வெட்டும் நாள்தான் வரவில்லை. பிறகு எப்படியோ ஊர் முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பல் போன பென்ஷன்காரர்கூட, "அக்கா, என் சட்டை ஆச்சா?" என்பார். ஊரே ஒரு பெண்ணை அக்கா ஆக்கிவிட்டால் அவளுக்கு ஏற்படுகிற பெரிய நஷ்டம் என்னவென்றால், மிச்சம் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

ஒருத்தர் இருந்தார். அவர் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. சரிந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டு, வலியைக் காட்டிக்கொள்ளாமல், "ஏங்க, இதைக் கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார்.

அக்கா நூல் சுற்றிய பாபினைக் கீழே போட்டுவிட்டாள். அது மேஜைக்கடியில் உருண்டு போய், நூல் மட்டும் அவள் கையில் நின்றது.

நூலகத்தில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. நூலகத்துக்கு நடந்து வர முடியாதவர்களுக்கு, படுக்கையில் இருப்பவர்களுக்கு, கைக்குழந்தையோடு வீட்டில் முடங்கியிருப்பவர்களுக்கு, வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுத்து, படித்ததை வாங்கி வருவார். ஊர் அவரைப் புத்தகக்காரர் என்றது. கொண்டுவந்தது ஒரு ரெக்சின் பை. கைப்பிடி கையோடு வந்திருந்தது. புத்தகங்களைக் கவுண்டர் மேல் இறக்கி வைத்துவிட்டதால், தைத்து முடியும்வரை அவரால் நகர முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருடைய சட்டையில் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிறம் என்பதை அக்கா அப்போதுதான் கவனித்தாள். வீட்டில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

"இதெல்லாம் யாருக்குங்க?" என்று கேட்டாள், ஊசியில் நூல் கோத்தபடி.

"இது ரயில் ஓட்டினவருக்கு. துப்பறியும் கதை மட்டும்தான் படிப்பார். அதுலயும் கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிடுவார்."

"அப்புறம் என்ன சுவாரசியம்?"

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சாத்தான் நிம்மதியா படிக்க முடியும்பார். இது ஒரு டீச்சரம்மாவுக்கு. அவங்களுக்கு இப்பக் கண்ணு தெரியாது."

"பின்ன எதுக்குப் புத்தகம்?"

"வாங்கி மடியில வெச்சுக்குவாங்க. மறு வாரம் போனா, நல்லா இருந்ததுன்னு திருப்பிக் குடுப்பாங்க. அடுத்தது கொண்டு வாங்கம்பாங்க. நானும் கொண்டுபோறேன்."

அக்கா பெடலை மிதிக்க மறந்திருந்தாள்.

ரெக்சின் பை நல்ல பை. அடுத்த வாரம் இன்னொரு கைப்பிடி போனது. அதற்கடுத்து அடிப்பக்கம். பிறகு ஜிப். அந்தப் பையைச் செய்த கம்பெனிக்காரனின் அயோக்கியத்தனத்தை அக்கா அவர் முன்னால் வாய் ஓயாமல் திட்டினாள். மனதுக்குள் அவனுடைய குடும்பம் தழைத்தோங்கட்டும் என்று வாழ்த்தினாள். சட்டென்று முடிகிற வேலை அவர் வந்தால் மட்டும் இழுத்தது.

இதைக் கண்டுபிடித்தவள், அக்காவை அண்ணி என்று கூப்பிடுகிற தம்பி பெண்டாட்டி. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து, அண்ணி சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்து பிசிறு வெட்டிக் கொடுப்பது அவள் வழக்கம். கத்திரிக்கோலும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

"நேத்து அவர் வந்திருந்தார்" என்று அக்கா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள்.

"எந்த அவர்?"

"அவர்தான்டி. புத்தகக்காரர்."

"ஓகோ. சாவிக்காரன் சாவிக்காரன். ஜெராக்ஸ்காரன் ஜெராக்ஸ்காரன். இவர் மட்டும் அவரா?"

"வாயை மூடிக்கிட்டு நூலை வெட்டு."

"நான் வெட்டறதுக்கு என்ன அண்ணி. நீங்க சேக்கறதைத்தான் பாக்கறேன்."

ஒருநாள் ரெக்சின் பை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் உயிரை விட்டது. புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். "ஏங்க, பேசாம ஒரு பை தைச்சுக் குடுத்துடுங்களேன். துணியில. புதுசா."

புதுசு தைப்பதில்லை என்ற கொள்கை அந்த இடத்திலேயே காலமானது. "அளவு வேணுமே" என்றாள் அக்கா.

"என் அளவா?"

"உங்க அளவு எதுக்கு? புத்தகத்தோட அளவு."

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். அவர் ஒவ்வொரு புத்தகமாக நிறுத்திப் பிடித்தார். அவள் உயரம் எடுத்தாள், அகலம் எடுத்தாள், முதுகு எடுத்தாள். ஆயுசில் எத்தனையோ முதுகுகளை அளந்தவள். ஒரு முதுகும் இப்படி அசையாமல் நின்றதில்லை.

"எல்லாம் ஒரே உடம்பு இல்லையே. சிலது ஒல்லி, சிலது குண்டு."

"குண்டா இருக்கறதை யாரும் கேக்கறதில்லைங்க. அலமாரியிலேயே நிக்கும் பாவம்."

"கேக்காம போனா குண்டு என்ன செய்யும்?" என்றாள் அக்கா, தன் இடுப்பைப் பார்க்காமல்.

அவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடிக்கத் தேவையில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களில் ஊரின் இடுப்புகள் எல்லாம் காத்திருந்தன. மணப்பெண்ணின் ரவிக்கை காத்திருந்தது. வங்கி மேலாளர் பெல்ட் போடாமல் அலுவலகம் போனார். அக்கா பை தைத்தாள்.

லாரிக்கு மேலே போர்த்துகிற கித்தானை வாங்கிவந்து, தண்ணீர் இறங்காமலிருக்க மெழுகு தேய்த்தாள். அடிப்பாகத்துக்கு இரண்டு அடுக்கு. செருப்புத் தைக்கிற நைலான் நூல். அதற்கென்று தடித்த ஊசி. தோள்பட்டி பையோடு சேருகிற இடத்தில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே இரண்டு கோடு, பிறகு மனசு கேட்காமல் அதன் மேலேயே இன்னொரு சதுரம். உள்ளே ஒரு தடுப்பு: போகிற புத்தகம் ஒரு பக்கம், திரும்புகிற புத்தகம் மறுபக்கம். பட்டியில் தோள் படுகிற இடத்துக்கு மட்டும் பழைய கம்பளியை மடித்துப் பஞ்சுபோல் வைத்தாள். உலகத்தில் எது எங்கே கிழியும் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பையில் போய் உட்கார்ந்தது. எங்கெங்கே கிழியலாமோ அங்கெல்லாம் கிழியாமல் செய்தாள். அன்பு வைத்தால் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்பதற்கு அந்தப் பையைக் கண்காட்சியில் வைக்கலாம்.

புத்தகக்காரர் வந்து பையைத் தோளில் மாட்டிப் பார்த்தார். கம்பளி வைத்த இடத்தில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிறகு, "இது என் ஆயுசுக்கும் வருங்க" என்றார்.

அக்கா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. மறுநாள் தம்பி பெண்டாட்டி தரைக்கு இறக்கிவிட்டாள்.

"என்ன சொன்னார்?"

"ஆயுசுக்கும் வரும்னார்."

தம்பி பெண்டாட்டியின் கத்திரிக்கோல் நின்றது. "அண்ணி, பை ஆயுசுக்கும் வரும்னா ஆள் எதுக்கு வருவார்?"

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. கிழிந்ததால் மட்டுமே வந்துகொண்டிருந்த ஒரு மனுஷருக்கு, கிழியவே கிழியாத ஒன்றைத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். தன் கடையின் கதவைத் தானே வெளியிலிருந்து தைத்துவிட்டு வந்த மாதிரி.

பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. இதில் கொடுமை, ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போகவில்லை. நூலகம் இருக்கிற எதிர்ச்சாரியில் தினம் போனார். அக்கா மெஷினிலிருந்து நிமிர்ந்து முதலில் பையைத்தான் பார்ப்பாள். ஓரம் நைந்திருக்கிறதா, பட்டி இளகியிருக்கிறதா, ஒரு நூலாவது தொங்குகிறதா என்று. பை கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. அவர் ஒரு புன்னகையோடு தலையசைத்துவிட்டுப் போவார்.

மழைக்காலம் வந்தது. செருப்புகள் வாய் பிளந்தன, குடைகள் கம்பியை நீட்டின, நூலகத்துப் பெயர்ப்பலகையே ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அக்காவுக்கு நம்பிக்கை பிறந்தது. புத்தகக்காரர் தொப்பலாக நனைந்து எதிர்ச்சாரியில் போனார். கடைக்கு நேராக வந்ததும் பையின் அடிப்பக்கத்தைக் கையால் ஏந்தி, தட்டிக் கொடுப்பதுபோல் அணைத்துக்கொண்டார். எவ்வளவு நல்ல பை என்கிறாராக்கும். அக்கா சிரித்துத் தலையாட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், மெழுகு தேய்த்த தன் கையைத் தானே சபித்தாள்.

அவர் செய்த இன்னொரு உபகாரம், பையின் பெருமையை ஊரெல்லாம் சொன்னது. வக்கீல் குமாஸ்தா வந்தார், டியூஷன் டீச்சர் வந்தாள், மருந்துக் கம்பெனிக்காரர் வந்தார். எல்லாருக்கும் அக்கா சாதாரணத் துணியில், சாதாரண நூலில் தைத்துக் கொடுத்தாள். சாதாரணமான பைகள் சாதாரணமாகக் கிழிந்தன. அவர்களெல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தார்கள். மருந்துக் கம்பெனிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். வேண்டாத பேச்செல்லாம் வேண்டிய மட்டும் கிடைத்தது.

"நூலகத்துல சேந்துக்கோங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"நான் என்னத்தைப் படிக்கப் போறேன்?"

"படிக்கறதுக்கா போகச் சொன்னேன்?"

ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு, தலையை வாரிக்கொண்டு போனாள். அவர் அங்கே இல்லை. எப்படி இருப்பார்? வீடு வீடாகப் போவதுதானே அவர் வேலை. ஊரில் எல்லா இடத்திலும் இருக்கக்கூடிய ஒருவர் இருக்க முடியாத ஒரே இடத்தைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறாள். கையில் ஒரு குண்டுப் புத்தகத்தோடு திரும்பினாள். யாரும் கேட்காத புத்தகமாம்.

"பேசாம நடக்க முடியாதுன்னு சொல்லிடுங்க. வீட்டுக்கே வருவார்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"உண்மையாவே வேணும்னாலும் சொல்லுங்க, கட்டையை எடுத்துட்டு வரேன்."

அக்கா சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அதைப் பற்றிக் கொஞ்சம் தீவிரமாகவே யோசித்தாள் என்பதை நாம் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வெயில் திரும்பி வந்த பிறகு ஒரு காலையில், நூலகத்தில் கவுண்டரில் உட்காருகிற கண்ணாடியம்மா குனிந்து கடைக்குள் வந்தாள். தோளில் அந்தப் பை.

அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்தாள். பை மட்டும் வந்தால் என்ன அர்த்தம்?

"ஒண்ணுமில்லக்கா. அவருக்கு மாத்தல். வேற ஊரு. ரெண்டு பஸ் மாறிப் போகணும். நாளைக்குக் காலைல கிளம்பறார். அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்தேன், கொஞ்சம் புதுசாட்டம் பண்ணிக் குடுங்க. எங்க எல்லார் சார்பாவும்."

"இதுக்கென்ன, நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க உள்ள பாருங்க."

அக்கா பையின் உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள். திருப்பியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடிப்பக்கத்து மூலைகள் இரண்டும் போயிருந்தன. தடுப்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. எல்லா இடத்திலும் கைத்தையல். எறும்பு குடித்துவிட்டு நடந்தால் எப்படிப் போகுமோ அப்படி. ஓர் இடத்தில் கறுப்பு நூல், ஓர் இடத்தில் வெள்ளை, ஓர் இடத்தில் புத்தகக் கட்டுக் கட்டுகிற சணல். தைத்தது பிரிந்து, அதன் மேலேயே மறுபடி தைத்து, அதுவும் பிரிந்து. உலகத்தில் உள்ள எல்லாக் கிழிசலும் தெரிந்தவளுக்குப் புத்தகத்தின் மூலை எங்கே குத்தும் என்று மட்டும் தெரியவில்லை. துணிக்குள்ளே இருப்பது உடம்பு என்றே பழகியவள். உடம்புக்கு மூலை கிடையாது.

"எத்தனை தடவை சொன்னேன், எதுத்தாப்புலதானே கடை, குடுத்துட்டு வாங்கன்னு" என்றாள் கண்ணாடியம்மா. "மனுஷன் கேட்டாத்தானே. 'அவங்க எவ்வளவு அக்கறையா தைச்சது, கிழிச்சிட்டேன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிக்கறது'ம்பார். சாப்பிடற நேரத்துல உக்காந்து ஊசியால குத்துவார். பாதி நாள் பையைத் தைக்கறது, பாதி நாள் விரலைத் தைக்கறது."

சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா வேறு ஒரு துணியையும் தொடவில்லை. தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்தாள், வைத்தாள். பிறகு ஒவ்வொரு கோணல் தையலாக விரலால் தடவிப் பார்த்தாள். இது மழைக்கு முன். இது மழையில், சணல் உப்பியிருக்கிறது. இது போன வாரம், முடிச்சு இன்னும் இறுகவில்லை. தான் இங்கே உட்கார்ந்து கிழியட்டும் கிழியட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும், அங்கே ஒருத்தர் அது கிழிந்ததை மறைக்கப் பாடுபட்டிருக்கிறார். இரண்டு பேரும் எவ்வளவு சிரத்தையாக வேலை செய்திருக்கிறார்கள்.

மத்தியானம் தம்பி பெண்டாட்டி வந்து பையைப் பார்த்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் முறையாக, சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, பிசிறு வெட்ட உட்காராமல் போனாள்.

சாயங்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூரையில் ஒரு தலை இடித்தது.

"ஏங்க, என் பை இங்கே..." என்று ஆரம்பித்தவர், மேஜை மேல் குடலைத் திறந்து காட்டிக்கொண்டு கிடந்த பையைப் பார்த்துவிட்டார். குளிக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி நின்றார்.

"யார் தைச்சது இது?" என்றாள் அக்கா.

"நான்தாங்க."

"இதைத் தையல்னு சொல்லக் கூடாது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மழைக்கு முன்னாடியே. அடியைக் கையால பொத்திக்கிட்டுத்தான் உங்க கடையைத் தாண்டுவேன். நீங்க பாத்து மனசு கஷ்டப்படுவீங்கன்னு."

அக்காவுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. "கிழிஞ்சா கொண்டு வரணும். அதுக்குத்தான் கடை" என்று மட்டும் சொன்னாள்.

மேலே யாரோ படியேறிப் போனார்கள். காலடி ஓயும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"நாளைக்குக் கிளம்பறேன்" என்றார்.

"சொன்னாங்க."

"ஊர் தூரம்தான். அங்கேயும் இதே வேலைதான்."

"அங்கே தையல்கடை இருக்குமே."

"இருக்கும்" என்றார். அப்புறம், "நான் போய்ப் பாக்கலை" என்றார். பாக்கவும் மாட்டேன் என்பதுபோல் இருந்தது; அல்லது அக்காவுக்கு அப்படிக் கேட்டது.

அவள் பையை மெஷின் பக்கம் இழுத்துக்கொண்டாள். சக்கரத்தில் கையை வைத்தாள். அவரைப் பார்க்காமல், ஊசியைப் பார்த்துக் கேட்டாள்: "அழுத்தமா தைக்கட்டுமா, லேசா தைக்கட்டுமா?"

புத்தகக்காரர் நிதானமான மனுஷர். ரயில் ஓட்டினவரைப் போலக் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்காலைத் தடவினார். சட்டையின் வேறு நிறப் பட்டனைக் கழற்றி மாட்டினார்.

"லேசாவே தையுங்க" என்றார்.

அக்கா பெடலை மிதித்தாள். ஆனால் கை கேட்கவில்லை. முப்பது வருஷமாக அழுத்தித் தைத்த கை. நூலை மாற்றியும் தையல் வரிசையாக, இறுக்கமாக, ஆயுசுக்கும் வருகிற மாதிரி விழுந்தது. பிரித்தாள். மறுபடி தைத்தாள். மறுபடியும் அதே தையல். பிரித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடியம்மா இன்னும் வரவில்லை. அவரும் ஆச்சா என்று கேட்கவில்லை.